பகிரும் பத்தியும் பகிர்பவர் பொறுப்பும்



நம் இல்லங்களில் கைபேசி வழியாக நாள்தோறும் வந்து சேரும் செய்திகள் பலதரப்பட்டவை. பிறந்தநாள் வாழ்த்து, நூல் விலை, திருமண அழைப்பு, பங்கு அறிவிப்பு ஆகியவற்றுக்கிடையே அண்மைக் காலமாகப் புதியதொன்றும் வந்து சேர்கிறது. புனித அகுஸ்தீனாரின் நூலிலிருந்து ஒரு பத்தி. புனித தோமா அக்குவினாரின் நூலிலிருந்து ஒரு பக்கம். கார்ல் ராணர் போன்ற 20-ஆம் நூற்றாண்டு அறிஞரின் நீண்டதொரு வாக்கியம். ‘இதைச் சற்றுப் படித்துப் பாருங்கள்’ என்ற குறிப்போடு இவை வருகின்றன. கோவையில் உள்ளவர் பெங்களூரில் பணிபுரியும் நண்பருக்கு அனுப்புகிறார். அவர் துபாயில் வாழும் வேறொருவருக்கு அனுப்புகிறார். ஒருவரையொருவர் நேரில் கண்டிராத நண்பர்களும் இவர்களுள் உண்டு.

இப்புதிய வழக்கத்தைக் குறித்து இருவகைக் கருத்துகள் நம்மிடையே நிலவுகின்றன. ‘இவையெல்லாம் குருமடத்தில் படிக்க வேண்டியவை, குடும்பத்தாருக்கு எதற்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?’ என்று பெரியவர் சிலர் கேட்கின்றனர். ‘நல்ல கருத்து எவ்வளவு பரவினாலும் நன்மைதானே?’ என்று இளைஞர் பலர் விடையிறுக்கின்றனர். பெரியவர்களின் அச்சம் தேவையற்றது என்பதே நம் எண்ணம். ஆயினும் இளைஞர்களின் மகிழ்ச்சியோடு ஒரு பொறுப்பும் சேர வேண்டும். அப்பொறுப்பு யாதெனக் காண்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

ஏட்டோடு வந்த மனிதர்

கடினமான இறையியலை எளிய மக்களோடு பகிர்ந்துகொள்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் எனும் பெயரால் தமிழ் மக்களிடையே அறியப்பட்டவர். அவர் இயற்றிய ஞானோபதேசம் சிறு குறிப்பேடு அன்று. கடவுளின் உண்மை, படைப்பு, ஆன்மா, மனிதராதல், மீட்பு ஆகியவற்றை முறைப்படி ஆராயும் பெரும் உரைநடை நூல் அது. அதைத் தவிர ஆத்தும நிர்ணயம் முதலிய நூல்களையும் அவர் எழுதினார். இவை அனைத்தும் கற்றறிந்தோரும் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியவை.

தமிழில் அச்சுக்கலை அதற்கு முன்னரே தோன்றிவிட்டது. என்றிக்கே என்றீக்கஸ் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. ஆயினும் நொபிலியாரின் நூல்கள் அவர் காலத்தில் ஓலைச்சுவடிகளில் படியெடுக்கப்பட்டே பரவின. அக்காலத்து மறைத்தளங்களில் குருக்கள் மிகச் சிலர். ஊர்களோ மிகப் பல. நம் கொங்கு நாட்டில் சத்தியமங்கலம் 17-ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபையாரின் மைசூர் மறைத்தளத்தைச் சேர்ந்த நிலையமாக விளங்கியது. இத்தகைய இடங்களில் ஒரு குரு ஊருக்கு வந்து போனால் மீண்டும் வருவதற்கு நெடுநாள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லி, மறையுண்மைகளை விளக்கி, நோயாளிகளைச் சந்தித்தவர் உபதேசியாரே.

உபதேசியார்களின் கடமையை உணர்ந்துதான் வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேதியர் ஒழுக்கம் என்னும் நூலை அவர்களுக்கென்றே எழுதினார். தேம்பாவணி பாடிய பெரும்புலவர் ஊர் ஊராய்ச் செல்லும் உபதேசியாருக்காகத் தனியே ஒரு நூல் செய்தார் என்றால், அவ்வூழியத்தை அவர் எவ்வளவு உயர்வாக மதித்திருக்க வேண்டும்!

ஓலைச்சுவடியைப் பற்றிய ஒரு செய்தி இங்கு நினைவுகூரத் தக்கது. எழுத்தாணியால் ஓலையில் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை; புள்ளி குத்தினால் ஓலை கிழியும். குறிலுக்கும் நெடிலுக்கும் இன்றுள்ள தெளிவான வேறுபாடும் அன்று இல்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக்காட்டும் எழுத்துச் சீர்திருத்தம் வீரமாமுனிவரின் பெயரோடு இணைந்தது. ஆகவே பொருளை முன்னரே ஓரளவு அறிந்த ஒருவரால்தான் ஏட்டைப் பிழையின்றி வாசிக்க முடிந்தது. ஏடு தனியே ஊருக்குச் சென்று பயனில்லை. வாசிக்கத் தெரிந்த மனிதரும் உடன் செல்ல வேண்டியிருந்தது. கேட்பவர் முகம் சுளித்தால் வாசிப்பவர் நிறுத்துவார். ‘அதென்ன சாமி?’ என்று ஒருவர் கேட்டால் விளக்குவார்.

இன்று நிலைமை மாறியுள்ளது. எழுத்து மிகத் தெளிவாக இருக்கிறது, புள்ளியும் தவறவில்லை, ஆனால் மனிதர் உடன் வருவதில்லை. பத்தி மட்டும் தன்னந்தனியாக வருகிறது.

தனித்து வந்த பத்தி

தனித்து வரும் பத்திக்கு என்ன நேர்கிறது? முதலில் அக்குவினாரையே எடுத்துக்கொள்வோம். அவருடைய இறையியல் தொகுப்பில் ஒவ்வொரு வினாவும் ஒரே அமைப்பில் எழுதப்பட்டுள்ளது. தாம் ஏற்காத எதிர்வாதங்களை அவர் முதலில், அவற்றின் முழு வலிமையோடும், எடுத்துரைப்பார். பின்னர் மறைநூல் அல்லது திருச்சபைத் தந்தை ஒருவரின் சான்றைக் காட்டுவார். அதன்பின் தம் விடையைக் கூறுவார். இறுதியில் எதிர்வாதங்களுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி தருவார். கடவுள் உண்டா என்று ஆராயும் பகுதியும் இவ்வாறே, கடவுள் இல்லை எனத் தோன்றச் செய்யும் இரு வாதங்களோடு தொடங்குகிறது. அந்த முதற்பத்தியை மட்டும் வெட்டி அனுப்பினால், திருச்சபையின் பெரும் மறைவல்லுநர் கடவுளை மறுத்ததாகவே படிப்பவர் எண்ணுவார். எழுத்தில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் செய்தி முழுவதும் பொய்.

அகுஸ்தீனாரின் சொல் ஒன்றும் பரவலாகப் பகிரப்படுகிறது. அன்பு செய்தால் போதும், பிறகு விரும்பியதைச் செய்யலாம் என்னும் கருத்துடையது அது. மனம் போன போக்கில் வாழ்வதற்கு ஒரு புனிதரே உரிமைச் சீட்டு எழுதித் தந்தாற்போல் அதைச் சிலர் கொள்கின்றனர். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோவானின் முதல் திருமுகத்தை மக்களுக்கு விளக்கிய மறையுரையில் அச்சொல் வருகிறது. தந்தை தம் மகனைக் கண்டித்து அடிக்கிறார். அடிமை வணிகனோ பிள்ளையைக் கொஞ்சுகிறான். வெளித்தோற்றத்தைக் கொண்டு அன்பை அளக்கலாமா என்பதே அங்கு எழும் வினா. பேசினாலும் பேசாதிருந்தாலும், கண்டித்தாலும் பொறுத்தாலும், வேரில் அன்பு இருக்க வேண்டும் என்று அவர் கற்பிக்கிறார். கடமையை எளிதாக்கும் சொல் அன்று அது. ஒவ்வொரு செயலின் வேரையும் சோதிக்கச் சொல்லும் கடினமான சொல்.

சில சொற்கள் அவற்றைச் சொல்லாதவர் பெயராலேயே உலவுகின்றன. வாழ்க்கையால் மறையுரை ஆற்றுங்கள், தேவைப்பட்டால் மட்டும் சொற்களைப் பயன்படுத்துங்கள் என்று அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் சொன்னதாக ஒரு வாசகம் பரவியுள்ளது. அவர் எழுத்துகளில் அது காணப்படவில்லை. மேலும், அவரோ ஊர் ஊராய்ச் சென்று வாய்விட்டு மறையுரை ஆற்றியவர். இன்றியமையாதவற்றில் ஒற்றுமை, ஐயத்துக்குரியவற்றில் உரிமை, எல்லாவற்றிலும் அன்பு என்ற பொருளுடைய வாசகம் அகுஸ்தீனார் பெயரால் வழங்குகிறது. அவர் 430-இல் மறைந்தார். அவ்வாசகமோ 17-ஆம் நூற்றாண்டின் எழுத்துகளில்தான் காணப்படுகிறது. நல்ல கருத்துதானே, யார் சொன்னால் என்ன என்று கேட்கலாம். யார் சொன்னதென்று தெரியாவிட்டால், எதற்காகச் சொன்னார் என்பதும் தெரியாது. அதுவே குறை.

சொல் காயப்படுத்தும்போது

இவை அறிவுலகத்துப் பிழைகள் மட்டுமல்ல, குடும்பங்களையும் தொடுகின்றன. கொங்கு நாட்டில் நாம் சிறுபான்மையோர். நம் அண்டை வீட்டார், வேலை செய்யுமிடத்துத் தோழர், பல குடும்பங்களில் நம் மாமன், அத்தை, சம்பந்தி ஆகியோர் இந்துக்கள். அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கிறிஸ்தவரான மகன், இந்துவாகவே வாழ்ந்து மறைந்த தன் பாட்டியை நினைத்து வருந்திக்கொண்டிருக்கிறான். அவ்வேளையில் அவனுக்கு ஒரு பத்தி வருகிறது. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று 3-ஆம் நூற்றாண்டின் மறைசாட்சி ஒருவர் எழுதிய சொல் அது. அனுப்பியவர் வேறொன்றும் எழுதவில்லை. அவ்விரவு அவனுக்கு உறக்கம் வருமா?

அனுப்பியவர் சொல்லாமல் விட்டது என்ன? அச்சொல்லை எழுதியவர் கார்த்தேசு நகர் ஆயர் புனித சிப்பிரியான். 258-இல் மறைசாட்சியாக உயிர்நீத்தவர். திருச்சபையைப் பிளந்து சென்ற குழுக்களில் வழங்கப்படும் திருமுழுக்கு செல்லுமா என்ற வழக்கில் அவர் எழுதிய கடிதத்தில் அது வருகிறது. நற்செய்தியைக் கேட்கும் வாய்ப்பே பெறாத மூதாட்டியைப் பற்றி அவர் அங்குப் பேசவில்லை. அது மட்டுமன்று, அக்குறிப்பிட்ட திருமுழுக்கு வழக்கில் சிப்பிரியானின் முடிவைத் திருச்சபை ஏற்கவுமில்லை. திருத்தந்தை ஸ்தேவானின் நிலையே நிலைத்தது.

அச்சொல்லை இம்மியும் விளக்கமின்றிக் கற்பித்த அமெரிக்கக் குரு ஒருவரும் உண்டு. பாஸ்டன் நகரின் லியோனார்டு பீனி என்பவர் அவர். 1949-இல் உரோமைத் திருப்பேராயம் அவருடைய விளக்கம் திருச்சபையின் விளக்கமன்று எனக் கடிதம் எழுதியது. அவர் பணியாததால் 1953-இல் திருச்சபை ஒன்றிப்பினின்று நீக்கப்பட்டார்; 1972-இல் மீண்டும் ஒப்புரவானார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 16-ஆம் பிரிவு, தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் குரலுக்கேற்ப நடப்போர் மீட்படைய முடியும் என்று கற்பிக்கிறது. அதே ஏட்டின் 14-ஆம் பிரிவு, மீட்புக்குத் திருச்சபை தேவை என்றும் கற்பிக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் அனுப்புபவர், எதை அனுப்பினாலும், பாதியையே அனுப்புகிறார்.

துயர் நிறைந்த வீட்டுக்கு அனுப்பும் பத்தியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தீமையிலிருந்தும் கடவுள் நன்மையை விளைவிக்க வல்லவர் என்று அகுஸ்தீனார் கற்பித்தது ஆழ்ந்த உண்மை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அடக்கத்தன்று அதை அனுப்புவது தகுமா? யோபுவின் நண்பர்கள் எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய மூவரும் ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். அது அவர்கள் செய்த நன்மை. பின்னர் வாய் திறந்து தாம் கற்ற இறையியலைப் பொழியத் தொடங்கினர். அவர் துயரம் பெருகிற்று. அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று இறுதியில் ஆண்டவரே தீர்ப்பளித்தார். உண்மையான சொல்லுக்கும் உரிய வேளை வேண்டும்.

அப்படியானால் பகிரலாகாதா?

பகிரலாம், பகிர வேண்டும். கோவை மறைமாவட்டத்தின் வரலாறே இதற்கு ஒரு காரணம் காட்டுகிறது. 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட மரியோன் பிரெசிலாக் ஆண்டகை, இந்நாட்டு மக்களிலிருந்தே குருக்கள் உருவாக வேண்டும், அவர்களுக்கு முழுமையான கல்வி வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். 1855-இல் அவர் பதவி துறந்து சென்றார். பின்னர் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். இறையறிவு வெளியிலிருந்து வரும் சிலரது உடைமையாக இராமல், இம்மண்ணின் மக்கள் கையில் சேர வேண்டும் என்பது அவர் கொள்கையின் உட்பொருள் எனலாம். பொதுநிலையினர் பலரும் இறையியலில் போதிய பயிற்சி பெற வேண்டுமென 1965-இல் வத்திக்கான் சங்கமும் விழைந்தது. ஆகவே ‘இது குருமடத்துக்கு உரியது’ என்ற தடை இன்று பொருந்தாது.

பத்திகளைத் தொகுத்துப் பகிர்வதற்கு அக்குவினாரே முன்மாதிரி. திருத்தந்தை நான்காம் உர்பானின் விருப்பப்படி, நான்கு நற்செய்திகளுக்கும் திருச்சபைத் தந்தையரின் விளக்கங்களைத் துண்டு துண்டாகத் திரட்டிச் சங்கிலி போல் கோத்துத் தந்தார். பொற்சங்கிலி என்று அந்நூல் பெயர் பெற்றது. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் உரியவரின் பெயரை அவர் தந்தார். ஒவ்வொன்றும் எந்த நற்செய்தி வரியை விளக்குகிறதோ அதன் கீழேயே வைத்தார். துண்டுக்கு ஓர் உடையவரும் ஓர் இடமும் இருந்தன.

ஈரோட்டு மஞ்சள் சந்தைக்குச் சென்றவர்கள் அறிவார்கள். விற்பனைக்கு வைப்பது சிறிதளவு மாதிரிதான்; அதைப் பார்த்தே விலை பேசுவர். ஆனால் மாதிரியோடு, அது யாருடைய சரக்கு, எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை என்ற விவரமும் உண்டு. மூட்டையைத் திறந்தால் மாதிரியும் சரக்கும் ஒன்றாயிருக்க வேண்டும். இல்லையேல் வணிகம் நடவாது. மஞ்சளுக்குக் காட்டும் இந்நேர்மையை மறைவல்லுநரின் சொல்லுக்கும் காட்டுவோமே!

பகிர்பவருக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, பத்தியோடு ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் பகுதி எண்ணையும் எழுதுங்கள். இவை தெரியாவிட்டால், தெரியும் வரை அனுப்பாதிருங்கள்.

இரண்டாவது, ஆசிரியர் எந்த வினாவுக்கு விடை கூறுகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். அவ்வாறு எழுத முடியவில்லையெனில், அப்பத்தியை நாமே இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை என்று பொருள். முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைப் படித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, கலைச்சொல்லை விளக்குங்கள். திரித்துவத்தைப் பற்றிக் கூறும்போது மூன்று ‘ஆட்கள்’ என்கிறோம். நம் ஊர்ப் பேச்சில் ‘தோட்டத்துக்கு மூன்று ஆள் வந்தார்கள்’ என்றால் மூன்று தனித்தனி மனிதர். அதே பொருளை அங்கும் கொண்டால் மூன்று கடவுளர் என்றாகிவிடும். இறையியலில் ‘ஆள்’ என்பது வேறு. மூவருக்கும் இறைத்தன்மை ஒன்றே. இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் பத்தி திறந்துகொள்ளும். சொல்லாவிட்டால் அதுவே இடறலாகும்.

நான்காவது, பெறுபவரின் நிலையை எண்ணுங்கள். நோயும் இழப்பும் உள்ள வீட்டுக்குப் பத்தி வேண்டாம், நீங்களே செல்லுங்கள்.

ஐந்தாவது, அனுப்பிய பின் உடன் இருங்கள். கேள்வி வந்தால் விடை கூறுங்கள்; தெரியாவிட்டால் பங்குத் தந்தையையோ கற்றறிந்தவரையோ கேட்டுச் சொல்லுங்கள். வாரம் ஏழு பத்திகளை அனுப்பி ஏழுக்கும் விளக்கம் தராதிருப்பதைவிட, மாதம் ஒன்றை அனுப்பி அதைப் பற்றி நான்கு முறை பேசுவது மேல். வதந்திகளால் உயிர்ப்பலிகள் நேர்ந்தபின், 2018-இல் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. நல்ல செய்திக்கு நாமே அதைவிடச் சிறிய வரம்பை விதித்துக்கொண்டால் குறையொன்றுமில்லை. அறிந்த ஒருவருக்கு அனுப்பினாலே போதும்.

திருத்தூதர் பணிகள் நூலில், எத்தியோப்பிய அரசியின் அலுவலர் ஒருவர் தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டைப் படித்துக்கொண்டு செல்கிறார். கடினமான பகுதி, பொருள் விளங்கவில்லை. பிலிப்பு தேரோடு ஓடிச் சென்று, படிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். வழிகாட்ட ஒருவர் இல்லாமல் எப்படிப் புரியும் என்கிறார் அவர். பிலிப்பு சாலையில் நின்று விடையைக் கூவிவிட்டுப் போகவில்லை. தேரில் ஏறி அவர் அருகே அமர்ந்தார். அவர் படித்த அதே பகுதியிலிருந்து தொடங்கி விளக்கினார். இருவரும் சேர்ந்தே பயணம் செய்தனர்.

இம்மாதம் ஒரு ஞாயிறு மாலை, செபமாலை முடிந்தபின், உங்கள் கைபேசிக்கு வந்த ஒரு பத்தியை வீட்டார் நடுவே உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும் எவரேனும் ‘அதென்ன?’ என்று கேட்கும் வரை சற்றுப் பொறுத்திருங்கள். அவ்வினா எழுந்தால், பெரிய நூல் ஒன்றின் கதவு உங்கள் வீட்டில் திறந்தது என்று கொள்ளுங்கள்.